ரூபாய்க்கு 10 காசு

வீட்டு வரி ரசீதை இன்றுதான் நிதானமாகப் படித்தேன். நூலக வரி என்று தனியாக ஒரு தொகை. சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு. கிளை நூலகத்தை அரசாங்கம் போடும் இலவசம் என்று நினைத்திருந்தேனே, எவ்வளவு தப்பு! அங்கே இருக்கும் ஒவ்வொரு புத்தகத்திலும் தெருவில் எல்லாருடைய காசும் இருக்கிறது.

•

இந்த வரிக்கு வழிசெய்தது 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். அதற்காகப் பல ஆண்டுகள் மன்றாடியவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரானவர். பூட்டி வைக்க அல்ல, எடுத்துப் படிக்கவே புத்தகம் என்பதைத் நூலகத்துக்கான தன் ஐந்து விதிகளில் முதலாவதாக வைத்தார். அந்த விதிகளைச் சொல்லும் அவருடைய நூல் வந்த 1931இலேயே மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் கிளம்பிவிட்டது. படிப்பவர் வர முடியாவிட்டால் புத்தகம் போகட்டும் என்ற எண்ணம். இன்று நினைத்தாலும் மனம் நிறைகிறது.

•

எங்கள் கிளை நூலகத்தில் கதவு திறந்ததும் நாளிதழ் மேசை நிறைந்துவிடுகிறது. ஒரே தினமணி நான்காகப் பிரிகிறது. நடுப்பக்கம் ஓய்வுபெற்ற வாத்தியாரிடம், விளையாட்டுப் பக்கம் பூக்கடைத் தம்பியிடம். “சார், முடிச்சிட்டு இங்க தள்ளுங்க.” தள்ளுகிறார். ஒரு மணி நேரத்தில் அந்த ஒரு தாளை ஏழெட்டுப் பேர் படித்துவிடுகிறார்கள். பகிர்வு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

•

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சொந்தப் புத்தகத்தோடு வந்து இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள் என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேரோடு இருக்கும் பெண்ணுக்கு ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சத்தமில்லாத நான்கு மணி நேரம் வேண்டும். அதையும் நூலகம்தான் கொடுக்க வேண்டும். ஒருத்தி சாப்பிடப் போகும்போது அவளுடைய கையேட்டை அடுத்தவள் வாங்கிக்கொள்கிறாள். பழைய வினாத்தாள் கட்டு ஒன்று மேசை மேசையாகச் சுற்றிவருகிறது.

•

பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து கொண்டுவந்த கலைக்களஞ்சியம் 10 தொகுதிகள். எந்தச் சம்பளக்காரர் வீட்டில் வாங்கி அடுக்க முடியும்? ஊருக்கு ஒன்று இருந்தால் போதும். ஆனால் நான் சிறுவயதில் போய்வந்த நூலகத்தில் கூரை ஒழுகி அதில் இரண்டு தொகுதிகள் ஊறிப்போயின. பக்கங்கள் ஒட்டி, பிரிக்க வராமல் கிடந்தன. ஓடு மாற்றப் பணமில்லை என்றார்கள். ஊரில் வரி மட்டும் வசூலாகிக்கொண்டுதான் இருந்தது.

•

இந்த வரியை வசூலிப்பது உள்ளாட்சி. செலவழிக்க வேண்டியது மாவட்ட நூலக ஆணைக்குழு. கை மாறும் இடத்தில்தான் நிலுவை விழுகிறது. நூலகத்துக்கென்று வாங்கிய பணத்தை வேறு செலவுக்கு வைத்துக்கொள்வது சரியல்ல. கிராம சபையில் குடிநீர், தெருவிளக்கோடு இதையும் கேட்க வேண்டும்.

அடுத்த முறை வரி கட்டும்போது ரசீதில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். அந்த ரசீது கையில் இருக்கும்போதே கிளை நூலகத்துக்குப் போய் உறுப்பினராகிவிடுங்கள்.