பட்டமில்லாதவருக்கும் இடம் கொடுத்த திருவல்லிக்கேணி

அன்பு மகளே,

நீ படிக்கும் பல்கலைக்கழகத்தைச் சுற்றி ஓர் ஊரே மாணவர்களை நம்பிப் பிழைக்கிறது என்று எழுதியிருந்தாய். சென்னையில் அப்படி ஓர் இடம் உண்டா என்றும் கேட்டிருந்தாய். உண்டு, திருவல்லிக்கேணி.

1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம், லண்டனைப் பார்த்து அமைந்தது. தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பதுதான் அப்போது அதன் வேலை; பாடம் சொன்னவை கல்லூரிகள். மாநிலக் கல்லூரியும், கட்டடக் கலைஞர் சிஷோம் கட்டி 1879-ல் முடித்த செனட் மண்டபமும் சேப்பாக்கத்தில் கடலைப் பார்த்து நிற்கின்றன. அங்கே படிக்க வந்தவர்களில் பலர் தங்கியதும் சாப்பிட்டதும் வாதாடியதும் பார்த்தசாரதி கோயிலையும் வாலாஜா பள்ளிவாசலையும் சுற்றிய சந்துகளில்தான்.

அந்த வாதங்களில் ஒன்று அச்சேறியது. இந்தியரான முத்துசாமி ஐயரை உயர் நீதிமன்ற நீதிபதியாக்கியதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் தாக்கின. திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்து இளைஞர்கள் ஆறு பேருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பேர் ஆசிரியர்கள், நான்கு பேர் சட்ட மாணவர்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20 அன்று 80 பிரதிகள் அச்சிட்டார்கள். அதுதான் ‘தி இந்து’.

கணித மேதை ராமானுஜன் கதை இன்னும் பெரியது. பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர்; துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதியவர். அவருக்கு 1913-ல் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டம் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட அமைப்பு, பட்டமில்லாதவருக்காகத் தன் வழக்கத்தைத் தளர்த்தியது! மூன்று மாதத்துக்கொரு முறை அறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான். திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோயில் தெருவில் தாயோடும் மனைவியோடும் குடியிருந்து கணிதத்திலேயே மூழ்கிக் கிடந்தார். 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். சென்னைப் பல்கலைக்கழகம் செய்த ஆகச் சிறந்த காரியம் அந்த உதவித்தொகைதான் என்பேன்.

பாரதி வாழ்ந்து 1921-ல் மறைந்த துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவும் பக்கத்தில்தான். அந்நாளைய பைகிராஃப்ட்ஸ் சாலைக்கு இப்போது அவர் பெயர். அதன் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் பாதி விலைக்குப் பாடநூல் வாங்கித் தேறியவர்கள் ஏராளம்.

பிறகு வந்தவை மேன்ஷன்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, கொடியில் துணி, வரிசையில் நின்று குளியல். வேலை தேடி வந்தவனும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவனும் ஓர் அறையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மெஸ்ஸில் அளவுச் சாப்பாடு. கையில் கொஞ்சம் காசு இருந்தால், 1948 முதல் நடக்கும் ரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி.

ஆனால் மகளே, மேன்ஷன் என்றால் ஆண்கள் மட்டும்தான். ராமானுஜன் கப்பலேறிய அதே 1914-ல், மாநிலக் கல்லூரி நிற்கும் கடற்கரைச் சாலையின் தென்பக்கம் சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி திறந்தது. இன்றைய ராணி மேரிக் கல்லூரி. அங்கே படித்த பெண்ணுக்கு, படிப்பு முடிந்தபின் தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கி வேலை தேட இந்தத் தெருக்கள் நெடுங்காலம் இடம் தரவில்லை. இந்தப் பேட்டையின் பெருமையைச் சொல்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். இப்போது பெண்கள் விடுதிப் பலகைகள் இந்தச் சந்துகளிலும் தொங்குகின்றன. அடுத்த முறை வரும்போது அவற்றில் தங்கிப் படிக்கும் பெண்களிடம் நீயே பேசிப் பார். மீதிக் கதை அவர்களிடம் இருக்கிறது.

அன்புடன்,
பெரியப்பா