அட்சரேகை எதுக்கு சார்?



நேற்று மேற்குத் தாம்பரம் சண்முகம் ரோட்டில் காப்பித்தூள் அரைக்கக் காத்திருந்தபோது ஒரு போன். "சார், தாண்டிக்குடியிலேர்ந்து பேசறேன்." சேலையூரில் மாமா வீட்டில் தங்கிப் படித்த என் பழைய மாணவன். இப்போது கீழ்ப்பழனி மலையில் மூன்று ஏக்கர் பார்க்கிறான். காப்பி, மிளகு, ஆரஞ்சு, நடுநடுவே மலைவாழை.

"கொட்டை வாங்குற வியாபாரி தோட்டத்தோட அட்சரேகை, தீர்க்கரேகை கேக்குறார் சார். ஆறு தசமம் வேணுமாம்."

எட்டாம் வகுப்பில் "அட்சரேகை எதுக்கு சார்?" என்று கேட்டவன் இவன்தான். பதில் சொல்லாமல் பெஞ்சு மேல் நிற்க வைத்தேன். போனைப் பிடித்துக்கொண்டு நான்தான் தலைகுனிந்தேன்.

விஷயம் இதுதான். இந்தியக் காப்பியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. அதிகம் வாங்குவது இத்தாலி. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பி உள்ளே வரக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டம் போட்டது. அமலாகும் தேதியை இரண்டு முறை தள்ளிவைத்தாலும் ஏற்றுமதியாளர்கள் இப்போதே விவரம் சேர்க்கிறார்கள். நான்கு ஹெக்டேருக்கு, அதாவது சுமார் பத்து ஏக்கருக்கு, உட்பட்ட தோட்டத்துக்கு ஒரு புள்ளி போதும். ஆறாவது தசமம் என்றால் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். ஒரு காப்பிச்செடியின் அடியையே காட்டிவிடலாம்!

"தவளை முத்திரை வாங்கினா போதுமா சார்?" என்றான். ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் சான்றைச் சொல்கிறான். அது நாமாக விரும்பி வாங்குவது. நல்ல விலைக்கு உதவலாம். ஆனால் இந்தச் சட்டத்துக்கு அது ஈடாகாது.

புள்ளியைப் போனிலேயே எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை. சிக்கல் வேறு. நிலம் சட்டப்படி இவன் அனுபவத்தில் இருப்பதற்கும் காகிதம் வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரில். பங்காளிகள் நான்கு பேர். ஒருவர் பேச்சுவார்த்தையிலேயே இல்லை. மர நிழலில் மூன்று தலைமுறையாகக் காப்பி வளர்த்த குடும்பம். காட்டை அழிக்காதவன் காகிதம் இல்லாமல் வெளியே நிற்கலாமா?

வருவாய்த் துறையிலும் வக்கீலாகவும் இருக்கும் என் பிள்ளைகள் எனக்குத் தனியே எழுதுங்கள். அவன் நம்பரைத் தருகிறேன். அன்று நான் சொல்லாத பதிலை நீங்களாவது சொல்லுங்கள்.

அன்புடன், உங்கள் புவியியல் வாத்தியார்.