ஏணி இல்லாத வேலை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைக்கும் நேரத்தில், ஓர் அம்மையார் தம் மகனுடன் என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். எங்கள் லைனில் நான்கு வீடுகள் தள்ளிக் குடியிருப்பவர். அவருடைய கணவர் ஓர் உள்ளாட்சி மன்றத்தில் நிரந்தரத் துப்புரவுத் தொழிலாளராக இருந்து, எட்டு மாதங்களுக்கு முன்பு காலமானார்.

"தம்பி, அவர் பார்த்த வேலையைப் பையனுக்குக் கேட்டு ஒரு மனு எழுதித் தர வேண்டும். கன்னடத்தில் எழுதச் சொன்னார்கள்" என்றார்.

மனு எழுதுவது எனக்குப் புதிதன்று. பத்தாம் வகுப்பு வரையே படித்தவன் ஆயினும், ரயில்வேயில் எழுத்தனாக இருப்பதால், எங்கள் தெருவில் கடிதம், விண்ணப்பம் எதுவாயினும் என்னிடமே வரும். உடனே தாளை எடுத்தேன். துப்புரவுப் பணி வேண்டி விண்ணப்பம் என்று பொருள்படத் தலைப்பு எழுதி, அதன் அடியில் கோடும் இழுத்துவிட்டேன். அதுவரை வாய் திறவாமல் நின்ற பையன், "அண்ணா, நான் என்ன படித்திருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவே இல்லையே" என்றான்.

என் கை நின்றுவிட்டது.

அவன் பி.யூ.சி. தேறியவன். நாள்தோறும் விடியற்காலை மாரிக்குப்பத்து வண்டியேறிப் பெங்களூருக்குச் சென்று, ஒரு கிடங்கில் கணக்கு எழுதிவிட்டு இரவில் வீடு திரும்புகிறான். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்ட பின் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர்க்கு அந்த வண்டிதானே சோறு போடுகிறது! மாதந்தோறும் அவனுக்குச் சீசன் டிக்கெட் கொடுப்பவனும் நானே. இரண்டாண்டுகளாக முகம் அறிந்தும், அவன் படிப்பை நான் கேட்டதில்லை. தந்தையின் தொழிலை அறிந்த மாத்திரத்தில் மகனின் தொழிலையும் முடிவு கட்டிவிட்டேன். என் மனத்தில் தீங்கு இல்லை. ஆனால் தீங்கு செய்வதற்குத் தீய மனம் வேண்டுவதில்லை. பழக்கம் ஒன்றே போதும் என்பதை அன்று உணர்ந்தேன்.

இதே தங்கவயலில் 1966ஆம் ஆண்டு பிறந்தவர் பெஜவாடா வில்சன். சுரங்கக் குடியிருப்புகளின் உலர் கழிப்பறைகளைத் துப்புரவு செய்த குடும்பத்தில் வந்தவர். படிப்பு முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்திற் பதியச் சென்றபோது, அவருடைய சாதியைக் கொண்டே, அவர் வேண்டும் வேலை துப்புரவு என்று எழுதிவிட்டார்களாம். அவரே இதனைக் கூறியிருக்கிறார். மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993ஆம் ஆண்டு பிறந்த பிறகும் இங்கே அவ்வழக்கம் நீங்கவில்லை. அவர் முறையீடுகள் எழுதினார். நிழற்படங்களோடு செய்தித்தாள்களுக்கும் உண்மையைக் கொண்டு சென்றார். பின்னர் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்னும் இயக்கத்தைத் தோழர்களுடன் தொடங்கி, 2003ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத்தை நாடினார். 1993 முதல் பாதாளச் சாக்கடையில் இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2014 மார்ச் 27இல் தீர்ப்பு வந்தது. 2016ஆம் ஆண்டு மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. அன்று அவர் பெயருக்கு எதிரே துப்புரவு என்று எழுதியதும் ஓர் எழுத்தர் கைதான். அந்தக் கைக்கும் என் கைக்கும் என்ன வேற்றுமை?

அலுவலகங்களில் எல்லா வகுப்பாரும் இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டுக்குப் புதிய எண்ணமன்று. 1918ஆம் ஆண்டிலேயே மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார், நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழுவை அமர்த்தினார். ஏழாண்டுகளுக்குள் உயர் பதவிகளிற் பாதியும், கீழ்ப் பதவிகளில் மூன்றில் இரு பங்கும், அதுவரை வாய்ப்பற்றிருந்த வகுப்பாருக்குக் கிடைக்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. நூறாண்டு கடந்துவிட்டது. இன்று ஒரு நகரசபையின் சம்பளப் பட்டியலைத் தலைகளாக மட்டும் எண்ணினால், தாழ்த்தப்பட்டோர் தம் விகிதத்திற்கு மேலேயே இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் அவர்கள் எந்த நாற்காலியில் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? துடைப்பம் பிடிப்போரிற் பெரும்பாலோர் ஒரு சில சாதியார். பல நகரங்களில் அவருள்ளும் பெண்களே மிகுதி. எண்ணிக்கை நிறைந்திருக்கிறது; நீதி நிறையவில்லை.

துப்புரவுத் தொழிலாளரைக் கருநாடகத்தில் பௌரகார்மிகர் என்று மதிப்பாக வழங்குகிறார்கள். அவர்கள் நிலையை ஆராய்ந்த ஐ.பி.டி. சாலப்பா குழு, ஐந்நூறு மக்களுக்கு ஒரு தொழிலாளர் வேண்டும் என்று 1976ஆம் ஆண்டு கூறிற்று. அரசின் அளவுகோலோ பிற்காலத்தில் எழுநூறு மக்களுக்கு ஒருவர் என்றாயிற்று. நெடுங்காலம் ஒப்பந்தக்காரர்களின் பிடியில் கிடந்த அவர்கள், 2022 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவ்வாண்டே, முதற்கட்டமாக 11,133 பேரை நிரந்தரமாக்க அரசு முடிவு செய்தது. இது பெரிய நன்மை. நிரந்தர வேலை வயிற்றின் அச்சத்தைப் போக்கும். ஆயினும் வேலை நிரந்தரமாவது வேறு. ஒரு குலம் அந்த வேலையிலேயே நிரந்தரமாவது வேறு.

இதனை நான் துணிந்து கூறுவதற்குக் காரணம் உண்டு. நானே பார்சல் அலுவலகத்தில் மூட்டை புரட்டும் கடைநிலை ஊழியனாகத்தான் ரயில்வேயிற் சேர்ந்தேன். எழுத்தர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைக் கடைநிலை ஊழியர்க்குத் துறைத் தேர்வின் வழியே ஒதுக்கும் விதி எங்களுக்கு உண்டு. அந்த ஏணியில் ஏறித்தான் இந்த நாற்காலிக்கு வந்தேன். ரயில்வேயும் குறையற்றதன்று, தண்டவாளத்தில் விழுந்த மலத்தை மனிதர் அகற்றிய காலம் நெடியது. ஆனால் ஏணி என்று ஒன்று இருந்ததனால் என் வாழ்வு மாறிற்று. ஒவ்வோர் உள்ளாட்சி மன்றமும் தன் ஊழியரை வகுப்பு வாரியாகவும், பதவி வாரியாகவும், ஆண் பெண் வாரியாகவும் எண்ணிப் பார்த்து, துடைப்பத்திலிருந்து மேசைக்கு எத்தனை பேர் ஏறினர் என்று ஆண்டுதோறும் ஊராரிடம் சொல்லட்டும்.

கருணை நியமனத்திற்கு 1996ஆம் ஆண்டின் கருநாடக விதிகள் இருக்கின்றன. தந்தை பார்த்த வேலையையே மகன் பார்க்க வேண்டும் என்று அவை கூறவில்லை. கல்வித் தகுதிக்கேற்ப 'சி' பிரிவிலோ 'டி' பிரிவிலோ நியமிக்கலாம் என்றே கூறுகின்றன. ஓராண்டிற்குள் விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு நான்கு மாதங்களே எஞ்சியிருந்தன. இதனை விளக்கியபோது அம்மையார் அஞ்சினார்.

"பெரிய வேலையைக் கேட்டு, கிடைக்கிற வேலையும் போய்விட்டால் என்ன செய்வது, தம்பி? பழைய வேலைக்கே எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் கிடைக்கும் என்று ஆபீசில் சொன்னார்களே."

அந்த அச்சத்தை நகைக்க எனக்கு உரிமை இல்லை. அடுப்பு அவர் வீட்டில் எரிய வேண்டும். பையன்தான் மெல்லச் சொன்னான்: "அம்மா, அப்பா செய்த வேலை இழிவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் என்னைப் படிக்க வைத்தார். அந்தப் படிப்பை மனுவில் எழுதாமல் விட்டால், அவர் பட்ட பாட்டை மறைப்பதாகும்."

அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எழுதுங்கள் தம்பி" என்றார்.

புதுத் தாளில், அவன் படிப்பை முதல் வரியிலேயே வைத்து, தகுதிக்கேற்ற எழுத்தர் பணி வேண்டும் என்று எழுதினேன். மனுவைக் கொடுத்துப் பெறுகைச் சீட்டும் வாங்கி வந்துவிட்டான். விடை இன்னும் வரவில்லை. அவன் விடியற்காலை வண்டிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறான்.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்முள் எழுதத் தெரிந்தவர் பலர். மனுவோடு வருவோரும் பலர். பேனாவைத் திறக்குமுன், "என்ன படித்திருக்கிறாய்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் தலைப்பெழுதிக் கோடிட்ட அந்த முதல் தாளைக் கிழிக்கவில்லை. என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அடுத்த மனு எழுத உட்காரும்போது கண்ணிற் படட்டும் என்று.