மண்டபம் முகாமில் ஒரு மாலை

இராமேசுவரம் செல்லும் இருப்புப் பாதையில், பாம்பன் பாலத்திற்கு முன்னால் மண்டபம் முகாம் என்றொரு சிறு இரயில் நிலையம் உண்டு. வெள்ளையர் காலத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளரை நோய்த்தடுப்புக்காக இங்கேதான் தங்கவைத்தனர். 1983-க்குப் பின் அதே கடலைக் கடந்து வந்த ஈழத்து அகதிகளுக்கும் இவ்விடமே புகலிடமாயிற்று.

மேற்படிப்பையும் வேலையையும் பற்றிப் பள்ளி மாணவருக்கு எடுத்துரைக்க நாம் அங்குச் சென்றிருந்தோம். மீனவர் பிள்ளைகளும் முகாம் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்தனர். "முயன்றால் மாவட்ட ஆட்சியரும் ஆகலாம்" என்று வழக்கம்போல் தொடங்கினோம். முகாம் மாணவி ஒருத்தி எழுந்து, "நானுமா, ஐயா?" என்றாள்.

நாம் வாயடைத்து நின்றோம். ஆட்சிப் பணிக்கு இந்தியக் குடியுரிமை வேண்டும். 1987 ஜூலை முதல், இம்மண்ணில் பிறந்தமையால் மட்டும் அவ்வுரிமை கிட்டுவதில்லை. அவளோ இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

உண்மையை மறைக்காமல் சொன்னோம். பின்னர்க் கணக்கியல், கணினி, மின்பணி எனத் தனியார் துறையில் கைகொடுக்கும் படிப்புகளை ஒவ்வொன்றாய் விளக்கினோம். "கடலுக்கு வராதே என்கிறார் அப்பா" என்ற மீனவச் சிறுவனுக்கு, 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தையும், நாகப்பட்டினத்து மீன்வளப் பல்கலைக்கழகத்தையும் எடுத்துக்காட்டினோம்.

அந்த மாணவி கணக்கியலைக் குறித்துக்கொண்டாள். ஆயினும் அவள் கேள்வி நம்மோடு இரயிலேறி வந்தது. வழிகாட்டச் செல்வோரே, திறந்த கதவைக் காட்டுங்கள். பூட்டிய கதவையும் மறைக்காதீர்கள். அதைத் திறக்கக் குரல் கொடுப்பதும் நம் கடனே.