பேச்சும் வாக்கும்

2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலின்போது, கைப்பேசித் திரையில் நாள்தோறும் வந்து குவிந்த கருத்துகளை நம்பி, ஆளுங்கூட்டணி 350 இடங்களுக்கு மேல் வெல்லும் என்று தில்லி நண்பர்களிடம் நாம் அடித்துக் கூறினோம். சூன் 4ஆம் நாள் வந்த முடிவோ 293. நாணித் தலைகுனிந்தோம்.

நம்மினும் கற்றோரும் இவ்வழியில் இடறியதுண்டு. செருமனியின் 2009ஆம் ஆண்டுத் தேர்தலையொட்டி எழுதப்பட்ட ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ட்விட்டர் பதிவுகளை அறிஞர் சிலர் ஆராய்ந்தனர். கட்சிகள் பேசப்பட்ட அளவும் பெற்ற வாக்கும் ஏறத்தாழ ஒத்துள்ளன என்றனர். ஆனால், அவர்கள் எண்ணியவை நாடாளுமன்றத்தில் முன்பே இடம்பெற்றிருந்த கட்சிகளை மட்டுமே. பின்னர் வேறு சிலர், இணைய உரிமைக்கென எழுந்த 'கடற்கொள்ளையர் கட்சி'யையும் சேர்த்து எண்ணினர். பேச்சில் அதற்கே முதலிடம். வாக்கிலோ 2 விழுக்காடுதான்!

எழுதுவோரை எண்ணினால் எழுதுவோரின் தொகையே கிட்டும். வாக்களிப்போரின் உள்ளம் கிட்டாது. நம் தெருமுனையில் துணி தேய்க்கும் முதியவர் எத்தளத்திலும் எழுதுபவரல்லர். வாக்குச்சாவடியில் அவருக்கும் ஒரு வாக்கு. நமக்கும் ஒரு வாக்கு. இருபது ஆண்டுகளாகத் துணி கொடுத்தும், அவர் கருத்தை நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

முடிவு வெளியான மறுநாள் கேட்டோம். "இன்றுதான் கேட்கத் தோன்றியதா, பாபுஜி?" என்றார் அவர், பெட்டியைக் கீழே வைக்காமலே.