பருவந்தோறும் ஓர் அணி

பாளையங்கோட்டை, ஏப்ரல் 20

கூடைப்பந்தைத் தொழிலாகக் கொண்டவர்களுள் மிகப் பலர் ஓர் அணியில் ஒரு பருவம், வேறோர் அணியில் சில வாரங்கள், காயமுற்றவருக்கு மாற்றாக இன்னோர் அணியில் சில நாள்கள் என ஒப்பந்தத்திற்கு ஒப்பந்தம் ஊர் மாறி வாழ்பவர்கள். இக்குறிப்புகள் அவர்களை இடம்பெயரும் ஆட்டக்காரர் என்று குறிக்கின்றன. பன்னாட்டு விதிப்படி ஓர் அணியின் பட்டியலில் பன்னிருவர் இடம்பெறலாம். 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட தளத்தில் ஒரு நேரத்தில் ஆடுவோர் ஐவரே. எஞ்சிய எழுவரின் இருக்கைகளில், குறிப்பாக எட்டாம் இடம் முதல் பன்னிரண்டாம் இடம் வரையில், இடம்பெயரும் ஆட்டக்காரரின் வாழ்வு அமைகிறது. பயிற்சியில் முதல் ஐவருக்கு எதிராக நின்று அவர்களைக் கூர்மைப்படுத்துவதும், அவர்கள் களைத்த நிமிடங்களில் ஆட்டத்தின் போக்கு சிதையாமல் காப்பதும் இவர்களே என்பதால், ஓர் அணியின் தரத்தை அதன் தலைசிறந்த ஆட்டக்காரரைக் கொண்டு மட்டும் அளப்பது பிழையாகும்.

பாளையங்கோட்டை, மே 3

1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த இவ்விளையாட்டு, உடற்கல்வியின் வழியாகவே தமிழகத்தில் வேரூன்றியது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் மாவட்டந்தோறும் பள்ளிகளுக்குச் சென்றதனால், கல்வி நிலையங்கள் செறிந்த ஊர்களில் இரு கம்பங்களும் ஒரு சிமென்ட் தளமும் கொண்ட ஆடுகளம் இயல்பான காட்சியாயிற்று. பள்ளிகளாலும் கல்லூரிகளாலும் பெயர்பெற்ற பாளையங்கோட்டை அத்தகைய ஊர்களுள் ஒன்று. எனினும் பள்ளியில் தொடங்கும் ஆட்டம் பள்ளிப் படிப்போடு முடிந்துவிடுவதே இத்தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் பெரும்பான்மை வழக்கு. அதைத் தாண்டித் தொடர விரும்பும் இளைஞருக்கு முன்னால் உள்ள பாதைகளை ஆராய்வதே இக்குறிப்புகளின் நோக்கம்.

பாளையங்கோட்டை, மே 18

தமிழகத்தில் கூடைப்பந்தின் பருவம் கோடை விடுமுறையோடு பிணைந்தது. பெரியகுளத்தில் சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவரும் அகில இந்தியப் போட்டியும், கோயம்புத்தூரில் நாச்சிமுத்துக் கவுண்டர் பெயரால் நடைபெறும் கோப்பைப் போட்டியும், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கடற்படை, விமானப்படை, கேரள மின்வாரியம் போன்ற வலுவான அணிகளை மின்னொளியில் மோதவிடுபவை. இவற்றுக்குக் கீழ்ப்படியில், சிற்றூர்க் கழகங்கள் நடத்தும் போட்டிகளில், ஓர் அணி தன் குறையை நிரப்பிக்கொள்ள வெளியூர் ஆட்டக்காரரை அந்தப் போட்டிக்கு மட்டும் அழைத்துக்கொள்வதுண்டு. அவரைக் களத்தில் ‘கெஸ்ட் பிளேயர்’ என்பர். பேருந்துக் கட்டணமும் தங்குமிடமும் உணவும் சிறு தொகையும் பெற்று, முன்பின் அறியாத நால்வரோடு அன்று மாலையே ஒத்திசைந்து ஆட வேண்டிய இவரே இடம்பெயரும் ஆட்டக்காரரின் தமிழக வடிவம் எனலாம். நெல்லைச் சீமையில் சித்திரை முதல் ஆடி வரையிலான கோயில் கொடைக் காலத்தில் ஊர் ஊராகச் சென்று, அக்காலத்து வரும்படியைக் கொண்டு ஆண்டை ஓட்டும் வில்லுப்பாட்டுக் கலைஞரின் நிலைக்கு இவருடைய நிலை மிக நெருங்கியது: கலை ஆண்டு முழுவதும் பேணப்பட வேண்டும், அழைப்போ சில மாதங்களுக்கே வரும்.

சேரன்மகாதேவி, ஜூன் 10

இத்தகைய வாழ்வு உலகின் மிகச் செல்வம் மிகுந்த களத்திலும் உண்டு. என்.பி.ஏ. எனப்படும் வட அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தில், புதிய ஆட்டக்காரர்களை அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் வரைவுத் தேர்வு நடைபெறுகிறது. 2010ஆம் ஆண்டுத் தேர்வில் எந்த அணியாலும் எடுக்கப்படாத இஷ் ஸ்மித், அதன்பின் 13 வெவ்வேறு அணிகளுக்கு ஆடி அச்சங்கத்தின் வரலாற்றில் எவரும் எட்டாத எண்ணிக்கையை எட்டியதோடு, 2023இல் டென்வர் நகெட்ஸ் அணியுடன் வெற்றிக் கோப்பையும் பெற்றார். அவர் ஆடியது பாயின்ட் கார்டு என்னும் இடத்தில்; அதாவது பந்தை முன்னெடுத்துச் சென்று, எந்த ஆட்டத்திட்டம் என்பதை அறிவித்து, பிறரை உரிய இடத்தில் நிறுத்தும் பொறுப்பில். புதிய அணியின் திட்டங்கள் அனைத்தையும் சில நாள்களில் மனத்தில் ஏற்றி, தம்மினும் புகழ்பெற்றவர்களை இயக்க வேண்டிய அப்பொறுப்பைப் பதின்மூன்று முறை புதிதாகக் கற்றவரின் திறம், புள்ளிக் கணக்கில் தோன்றாத பேரறிவு என்றே மதிக்கத்தக்கது.

சேரன்மகாதேவி, ஜூன் 24

இந்திய வம்சாவளியினர் என்.பி.ஏ.வில் கால்பதித்த கதை 2015இல் தொடங்குகிறது. கனடாவில் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த சிம் புல்லர், அவ்வாண்டு ஏப்ரலில் சாக்ரமென்டோ கிங்ஸ் அணியுடன் பத்து நாள் ஒப்பந்தம் செய்து, என்.பி.ஏ.வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர் ஆனார். பத்து நாள் ஒப்பந்தம் என்பது, ஓர் அணி ஓர் ஆட்டக்காரரைக் குறுகிய காலத்திற்குச் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு. அதே அணி அவருக்கு அப்பருவத்தில் இருமுறைக்கு மேல் அதனை வழங்க இயலாது. மூன்று ஆட்டங்களில் மட்டுமே களமிறங்கிய அவர், பிற்காலத்தில் தைவானின் அணிகளில் தம் வாழ்வை அமைத்துக்கொண்டார். அதே ஆண்டு ஜூனில், பஞ்சாபின் சிற்றூரிலிருந்து சென்ற சத்னாம் சிங்கை டல்லாஸ் மேவரிக்ஸ் 52ஆவது தேர்வாக எடுத்தது. வரைவுத் தேர்வில் எடுக்கப்பட்ட முதல் இந்தியரான அவர், முதன்மை அணிக்கு ஆடும் வாய்ப்பின்றி அதன் வளர்நிலை அணியிலும் பின்னர் கனடாவிலும் ஆடி, 2021இல் தொழில்முறை மல்யுத்தத்திற்கு மாறினார். இளமையில் கபடி ஆடி, மிகத் தாமதமாகக் கூடைப்பந்துக்கு வந்த அம்ரித்பால் சிங், ஜப்பானில் ஆடியபின் 2017இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணியில் இடம்பெற்றார். உயரம் வாயிலைத் திறக்கலாம், ஆனால் நிலைத்த இடத்தைப் பெற்றுத் தருவதில்லை என்பதை இம்மூவரின் பயணங்களும் உணர்த்துகின்றன.

திருநெல்வேலி சந்திப்பு, ஜூலை 15

இந்தியாவில் ஆட்டக்காரருக்குச் சோறிடுவது ஆட்டத்தின் ஊதியம் அன்று; ஆட்டத்தால் கிடைக்கும் வேலையே ஆகும். ரயில்வே, பொதுத்துறை வங்கிகள், வருமான வரித்துறை, ஓ.என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில், அதாவது ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’வில், ஆட்டக்காரர்களைப் பணியமர்த்தித் தம் அணிகளை அமைக்கின்றன. இவ்வேற்பாட்டின் சிறப்புக்குச் சென்னையில் பிறந்த அனிதா பால்துரை தக்க சான்று: தெற்கு ரயில்வேயின் பணியில் இருந்தபடியே ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் இந்திய அணிக்கு ஆடி, இளம் வயதிலேயே அதன் தலைமையேற்று, தாய்மைக்குப் பின்னும் களத்துக்குத் திரும்பி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அதே ரயில்வேயைச் சார்ந்த கேரளத்தின் கீது அன்னா ஜோஸ், ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கழகத்திற்கு ஆடியதோடு, 2011இல் அமெரிக்க மகளிர் தொழில்முறை அணிகளின் தகுதித் தேர்வுக்கும் அழைக்கப்பட்டார். நிலையான வேலை இருந்ததனால்தான் அவர் துணிந்து வெளியே சென்று திரும்ப முடிந்தது என்று கருத இடமுண்டு.

ஆனால் இவ்வாயில் ஒடுங்கியது. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது வரம்பு 18 முதல் 25 வரை. அதற்குள் மாநில அளவிலோ பல்கலைக்கழக அளவிலோ குறிப்பிட்ட சாதனைச் சான்றிதழ் இருத்தல் வேண்டும். கழகப் போட்டிகளில் ஊர் ஊராக ஆடிப் பெற்ற அனுபவம் எந்தச் சான்றிதழிலும் பதிவாவதில்லை. 25 வயதைக் கடந்த ஆட்டக்காரர், தம் ஆட்டம் முதிரத் தொடங்கும் பருவத்திலேயே அதனைக் கைவிட நேர்வது இதன் கொடிய விளைவு.

அம்பாசமுத்திரம், ஆகஸ்ட் 22

வேலைக்கும் வெறுங்கைக்கும் இடையிலான வெளியை நிரப்ப வேண்டியது தொழில்முறை லீக், அதாவது அணிகள் ஒரு பருவம் முழுவதும் ஊதியத்துடன் ஒன்றோடொன்று ஆடும் தொடர். இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம் 2010இல் ஐ.எம்.ஜி. ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 30 ஆண்டு உடன்படிக்கை செய்தபோது எழுந்த அந்நம்பிக்கை கைகூடவில்லை. சென்னை ஸ்லாம் உள்ளிட்ட அணிகளுடன் 2015இல் தொடங்கிய யு.பி.ஏ. லீக், நான்கு பருவங்களுடன் 2017இல் நின்றுபோயிற்று. பின்னர் வந்த ஐ.என்.பி.எல். தொடரில் சென்னை ஹீட் அணி களமிறங்கியது. ஒவ்வொரு தொடரும் சில வாரங்களே நீடிப்பதால், அதனை நம்பி ஓர் இளைஞர் தம் ஆண்டைத் திட்டமிட இயலாது. இடம்பெயரும் ஆட்டக்காரருக்கு இன்றியமையாதது பெருந்தொகை அன்று, அடுத்த ஆண்டும் அதே தொடர் நடைபெறும் என்ற உறுதியே.

பாளையங்கோட்டை, செப்டம்பர் 14

உடலின் கணக்கும் இங்கே சேர்கிறது. மரத்தளம் குதித்திறங்கும் விசையில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். சிமென்ட் தளமோ அதனைக் கணுக்காலுக்கும் முழங்காலுக்குமே திருப்பித் தரும். ஓடும் வேகத்தில் திடீரெனத் திசை மாற்றும்போது முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் அறுமானால், அறுவைச் சிகிச்சைக்குப் பின் களத்துக்குத் திரும்பப் பெரும்பாலும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். துறை அணியில் இருப்பவருக்கு அவ்வோராண்டில் ஊதியம் உண்டு. அழைப்பை நம்பி ஆடுபவருக்கு அந்த ஓராண்டே தொழிலின் முடிவாகிவிடக்கூடும்.

திருநெல்வேலி, அக்டோபர் 19

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் ஏணியின் முதற்படி உறுதியானது: பள்ளிகளும் கல்லூரிகளும் உடற்கல்வி ஆசிரியர்களும் உள்ளனர், பாளையங்கோட்டையில் அண்ணா விளையாட்டரங்கம் உள்ளது. மேற்படியாகத் தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காட்டு ஒதுக்கீடும் நடைமுறையில் உள்ளது. இடையில் உள்ள படிகளே இல்லை. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி ஆகிய மாவட்டங்களின் கழகங்கள் ஆண்டுதோறும் தவறாமல் நடத்தும் ஒரு தொடர், அதில் ஆடிய ஆட்டங்களுக்கு முறையான பதிவேடு, காயத்திற்குக் காப்பீடு, 25 வயதைக் கடந்தவருக்குப் பயிற்சியாளர் தகுதிக்கு வழி என்னும் நான்கும் அமையுமாயின், இங்குள்ள ஆட்டக்காரர் தம் முப்பது வயது வரையிலும் மதிப்போடு ஆட முடியும். ஒரு நட்சத்திரத்திற்காகக் காத்திருப்பதினும், பதின்மூன்று அணிகளுக்கு ஆடத்தக்க நூறு பேரை உருவாக்குவதே இவ்விளையாட்டு இம்மண்ணில் நிலைபெறும் வழி. அந்த நூறு பேர் இருக்கும் இடத்தில்தான் நட்சத்திரமும் தோன்றும்.