அங்குலத்துக்கு ஒரு மில்லிமீட்டர்

"ஃபெராரிக்கு கிட் இருக்குதுங்ணா. போர்ஷேவுக்கு இருக்குது. நம்மூரு டாரஸ் லாரிக்கு எங்க போயி வாங்கறது?" என்று கேட்டபடியே அவர் காலாவதியான ஏ.டி.எம். அட்டை ஒன்றைக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தார். ஒரே இடத்தில் நாலைந்து முறை மெல்லக் கீறிவிட்டு, இரண்டு கட்டைவிரலையும் கொடுத்து மடக்கினார். அட்டை நூல் பிடித்ததுபோல் உடைந்து, எட்டு மில்லிமீட்டர் அகலக் கீற்றாக வந்தது. அட்டையின் கனம் முக்கால் மில்லிமீட்டர். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டை ஒட்டினால் ஒன்றரை. அவர் செய்துகொண்டிருந்தது லாரியின் தரைப்பலகை. அசலில் அது எட்டு அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம்.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில், பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பின்தெருவில், மொட்டைமாடியில் தகரம் போட்ட ஒற்றை அறை. கீழே வெல்டிங் சத்தம் ஓயவேயில்லை. அவர் இந்தப் பட்டறைகளில் டிங்கர் வேலை பார்த்தவர். இப்போது முழுநேரமும் மாடல்தான். கூடவே இருக்கும் பெரியவர் அவருடைய தாய்மாமன், லாரிக்குப் பெயிண்ட் அடித்தே தலை நரைத்தவர். மாடல் செய்ய ஆரம்பித்த காலத்தில் "சின்னப்புள்ள வெளையாட்டு" என்று மாமா ஏசினாராம். பெரியவர் அதை மறுக்கவில்லை. "இப்பவும் அதையேதான் சொல்றேன்" என்றார், கையிலிருந்த தூரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கிட் வைத்துச் செய்கிறவர்களுக்குப் பாகங்கள் அச்சில் வார்த்தே வந்துவிடும். வெட்டி, அராவி, ஒட்டி, பெயிண்ட் அடிக்கலாம். ஆசைப்பட்டால் சக்கரத்தை மாற்றலாம், கூரையைத் தாழ்த்தலாம். நம் ஊரில் பலர் சென்டி டாய்ஸ் விற்கும் பிளாஸ்டிக் லாரியையும் அம்பாசடரையும் வாங்கி, பிரித்து, வேறு வண்ணம் பூசித்தான் தொடங்குகிறார்கள். இவரும் அப்படித் தொடங்கியவர்தான். ஆனால் கொஞ்ச நாளிலேயே பொம்மை லாரியின் எந்தப் பாகமும் தன் தெருவில் நிற்கிற லாரியோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டுகொண்டார். ஒத்துப்போகாததற்குக் காரணம் இருக்கிறது.

ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்து டமியா நிறுவனம் 1976இல் போர்ஷே 934 பந்தயக் காரை 1/12 அளவில் கிட்டாக வெளியிட்டது. அதற்காக அசல் போர்ஷே 911 ஒன்றையே விலைக்கு வாங்கி அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார்கள். செலவு பெரிதுதான், ஆனால் ஒரு காரை அளந்துவிட்டால் அந்த ரகத்துக் கார் அத்தனையையும் அளந்த மாதிரி. நாமக்கல் லாரியிடம் இந்தக் கணக்கு செல்லாது. ஓசூர், எண்ணூர் தொழிற்சாலைகளிலிருந்து அண்மைக்காலம்வரை வந்ததெல்லாம் வெறும் சேசிஸ்: இரண்டு நீளச் சட்டம், எஞ்சின், ஸ்டியரிங், சக்கரம். கதவும் கூரையும் இல்லாத அந்த எலும்புக்கூட்டை, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, வெயிலில் ஓட்டிவருகிற டிரைவர்களை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். கேபினும் பாடியும் இங்கேதான் ஏறும். பக்கப்பலகை எத்தனை அடி, கேபின் தலையில் கேரியர் எவ்வளவு உயரம், கயிறு கட்டக் கொக்கி எத்தனை, கண்ணாடிக்கு மேலே எத்தனை விளக்கு எல்லாம் ஓனரும் மேஸ்திரியும் நின்று பேசி முடிவு செய்வது. ஆகவே பட்டறைக்குப் பட்டறை, ஓனருக்கு ஓனர் வண்டி மாறும். அசலே கைக்கு வந்தபடி கட்டப்பட்டது என்றால், அதன் மாடலையும் ஒன்றுமில்லாததிலிருந்து கையால்தான் கட்ட வேண்டும்.

லாரியைப் பற்றி மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1928இல் அறிமுகமாகி, அமெரிக்காவின் மிக விலையுயர்ந்த கார்களில் ஒன்றாக இருந்த டியூசன்பெர்க் மாடல் ஜேவும் சேசிஸாகத்தான் விற்கப்பட்டது. வாங்கியவர்கள் மர்ஃபி, ரோல்ஸ்டன் போன்ற பட்டறைகளிடம் கொடுத்துப் பாடி கட்டிக்கொண்டார்கள். ஆங்கிலேயரான ஜெரால்டு விங்ரோவ் கையாலேயே பாகம் பாகமாகச் செய்த கார் மாடல்களில் டியூசன்பெர்க்குகளும் உண்டு. ஹாலிவுட் நட்சத்திரங்கள் ஓட்டிய அந்தக் காரும் சிமெண்ட் மூட்டை ஏற்றுகிற நம் டாரஸும் பிறந்த விதத்தில் பங்காளிகள் என்று நான் சொன்னபோது, மாமா முதல்முறையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தார். "அவிங்களுக்கும் பாடி கட்ட ஆறு மாசம் இழுத்தடிச்சாங்களா?" என்பதுதான் அவர் கேட்ட கேள்வி.

உலகத்து மாடல்காரர்கள் கார்களுக்குப் பெரும்பாலும் 1/24 அளவை வைத்துக்கொள்கிறார்கள். ஓர் அடிக்கு அரை அங்குலம். அமெரிக்கக் கிட்டுகளில் 1/25 அதிகம். இவர் இரண்டையும் எடுத்துக்கொள்ளவில்லை. பட்டறையில் இன்றைக்கும் டேப் பேசுவது அடியும் அங்குலமும்தான். அங்குலத்தை அப்படியே மில்லிமீட்டராக மாற்றி எழுதிக்கொண்டால் பெருக்கல், வகுத்தல் எதுவும் வேண்டாம். இருபத்து நாலு அடிப் பாடி என்றால் 288 அங்குலம். மாடலில் 288 மில்லிமீட்டர். எட்டடி அகலம் 96 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது 1/25.4, அமெரிக்க அளவுக்கு மயிரிழை தள்ளி நிற்கிறது. அவருடைய நோட்டுப் புத்தகத்தில் படம் என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை. வண்டி நம்பருக்குக் கீழே வரிசையாக எண்கள், அவ்வளவே. டி.என். 28 என்று தொடங்கும் பக்கங்கள் அதிகம்; நடுநடுவே திருச்செங்கோட்டு 34, சங்ககிரி 52. பட்டறையில் வண்டி நிற்கிற சில வாரங்களுக்குள் அளவெடுத்தாக வேண்டும். ரோட்டில் இறங்கிவிட்டால் அது அஸ்ஸாமில் இருக்கும், இல்லை குஜராத்தில் இருக்கும்.

அதிக நேரம் நான் உட்கார்ந்து பார்த்தது டயர் வேலையை. பத்துச் சக்கர வண்டி: முன்னால் இரண்டு, பின்னால் எட்டு, ஸ்டெப்னி ஒன்று. கைப்பழக்கம் வராதவர்கள் பதினொன்றையும் ஒரே அச்சில் வார்த்துவிடுவார்கள் என்று சிரித்தார். முன் டயரில் வரிகள் வட்டமாகச் சுற்றி ஓடும், ஸ்டியரிங் நேராகப் பிடிப்பதற்கு. பின் டயரில் கட்டை கட்டையாக லக் இருக்கும், இழுவைக்கு. ஆகவே மூலவடிவம் இரண்டு வேண்டும். கடைசல் பட்டறையில் நைலான் உருளையை நாற்பத்தொன்றரை மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கடைந்து வாங்கிக்கொள்கிறார். வரி டயருக்குக் கடைசல்காரரே பள்ளம் போட்டுக் கொடுத்துவிடுவார். லக் டயர்தான் ஆளைக் கொல்லும். சம இடைவெளியில் கோடு அச்சிட்ட காகிதப் பட்டையை உருளையின் மேல் சுற்றி ஒட்டி, ஒவ்வொரு கோட்டிலும் முக்கோண அரத்தை ஒரே சாய்வில் இழுக்கிறார். கடைசிப் பள்ளம் முதல் பள்ளத்தோடு சரியாகப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் உருளை குப்பைக்கு.

மூலவடிவம் தேறியதும் அதன்மேல் சிலிக்கான் ரப்பரை ஊற்றி அச்செடுக்கிறார். மொத்தமாக ஊற்றினால் லக்குகளின் இடுக்கில் காற்று மாட்டிக்கொள்ளும். வார்க்கிற ஒவ்வொரு டயரிலும் அதே இடத்தில் மரு முளைக்கும். அதனால் முதல் பூச்சைத் தூரிகையால் இடுக்குக்குள் தேய்த்துவிட்டு, அப்புறம்தான் ஊற்றுகிறார். அச்சுக்குள் கறுப்புச் சாயம் கலந்த ரெசின். இறுகியதும் வெளியே எடுத்து, அடிப்பக்கத்தை எமரித் தாளில் நாலு இழுப்பு இழுத்துத் தட்டையாக்கினார். உருண்டையை ஏன் கெடுக்கிறார் என்று விழித்தேன். "லோடு வண்டிங்ணா. பதினாறு டன்னு ஏத்திட்டு டயரு கம்பாஸ் வெச்ச வட்டமா நிக்குமா?" ஸ்பிரிங் பட்டைகளும் அப்படியே. காலி வண்டிக்குப் பட்டைகளை வில்லாக வளைத்து அடுக்குகிறார். லோடு வண்டிக்கு ஏறக்குறைய நேராக. பிளாஸ்டிக் கீற்றில் செய்த அந்தப் பட்டை அடுக்கு, மாடல் மேசைமேல் ஏறிவிட்டால் யார் கண்ணிலும் படாது. வீல் நட்டு ஒவ்வொன்றும் ஒன்றேகால் மில்லிமீட்டர்; ஒரு சக்கரத்துக்குப் பத்து. அவையும் படாது. அதற்கென்ன என்கிற முகம் அவருக்கு.

பசையில் இரண்டு விதிகள். பிளாஸ்டிக் மூலைகளில் இடைவெளி விழுந்தால் ஆப்ப சோடாவைத் தூவி, மேலே ஒரு சொட்டு ஃபெவிக்விக். சீறிக்கொண்டு ஒரு நொடியில் கல்லாகிவிடும், உடனே அராவலாம். கண்ணாடிக்கு மட்டும் ஃபெவிக்விக் கூடவே கூடாது. அதன் ஆவி பட்டால் தெளிந்த தாளில் வெள்ளைப் புகை படிந்துவிடும், துடைத்தாலும் போகாது. முன்கண்ணாடிக்கு ஓ.எச்.பி. தாளை வெட்டி, விளிம்பில் ஊசிமுனையால் ஃபெவிகால் வைக்கிறார். காயக் காத்திருக்க வேண்டும், காத்திருக்கிறார்.

பெயிண்டில் மாமாவின் ஆட்சி. அசல் லாரிக்கு அடிக்கிற அதே சிவப்பை மாடலுக்கு அடித்தால் அது கறுத்துத் தெரிகிறது. சின்னப் பொருளில் நிறம் எப்போதும் ஒரு படி அடர்த்தியாகத்தான் கண்ணுக்குப் படும். அதனால் கொஞ்சம் வெள்ளை கலந்துகொள்கிறார். எவ்வளவு என்பதற்கு அளவு கிடையாது, அவர் கண்தான். எழுத்துதான் சிக்கல். கேபின் நெற்றியில் அணில் முடித் தூரிகையால் நிழல் வைத்து எழுதிப் பழகிய கை, நாலு மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு ஒத்துழைக்கவில்லை. கண்ணும் ஒத்துழைக்கவில்லை. எனவே அவர் சார்ட் தாளில் தாராளமாக எழுதித் தந்துவிடுகிறார். மருமகன் அதை ஸ்கேன் எடுத்துச் சுருக்கி, தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற டெக்கல் தாளில் அச்சடிக்கிறார். சாதாரணப் பிரிண்டருக்கு வெள்ளை மை கிடையாதே, வெள்ளை எழுத்துக்கு என்ன செய்வது? வெள்ளை டெக்கல் தாளை எடுத்து, எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள பின்னணி நிறத்தை மட்டும் அச்சடிக்கிறார். ஒட்டின ஓரம் கேபினின் நிறத்தோடு சேராமல் தெரியும்தான். லாரியில் பெயர்ப்பலகையைச் சுற்றி எப்படியும் மஞ்சள் கரை ஓடுமல்லவா? அந்தக் கரையை மாமா கையாலேயே இழுத்துவிடுகிறார். ஓரம் அதற்குள் ஒளிந்துகொள்கிறது.

வாங்குகிறவர்கள் அநேகமாக லாரி ஓனர்கள். முதன்முதலில் வாங்கி, எப்போதோ விற்றுவிட்ட வண்டியைப் புகைப்படத்தோடு வந்து கேட்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பூஜை போட்டு, மாலை போட்டு, பட்டறையைவிட்டு இறங்கிய அன்றைக்கு இருந்த வண்டி. பளபளவென்று இருக்க வேண்டும். இவர் தனக்காகச் செய்து அலமாரியில் வைத்திருப்பது வேறு மாதிரி. டீசல் டேங்க் மூடியிலிருந்து வழிந்த கறை, டிரைவர் முழங்கை வைத்து வைத்துப் பெயிண்ட் போன கதவு விளிம்பு, கயிறு உரசி மினுங்கும் கொக்கிகள். டிஷ்யூ தாளைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் தோய்த்துப் போர்த்திய தார்ப்பாயில் மூட்டைகளின் புடைப்புகூடத் தெரிகிறது. பணம் கொடுக்கிறவர்கள் இதை வேண்டாம் என்கிறார்கள். "அழுக்கு வண்டிய எதுக்குய்யா வீட்ல வெக்கணும்?" என்று ஒருவர் கேட்டே விட்டாராம். என்னைக் கேட்டால் அந்த அறையில் லாரி என்று சொல்லத்தக்கது அந்த ஒன்றுதான். மற்றவை கல்யாண ஆல்பம்.

சின்னப் பாகங்கள் சிலவற்றை, குறிப்பாகக் கிரில்லையும் ஸ்டியரிங் சக்கரத்தையும், இப்போது முப்பரிமாண அச்சில் போட்டு வாங்கிக்கொள்கிறார். இந்தத் தொழிலில் சிலர் இதைக் களவு என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அச்சு இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டிய அளவை டேப்போடு குனிந்து எடுத்தவர் அவர்தான்; அச்சில் வருகிற மெல்லிய படிவரிகளைத் தேய்த்து எடுப்பவரும் அவர்தான். கிரில் எப்படி வந்தால் என்ன?

மாற்றம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. 2025 முதல் தயாராகும் பெரிய லாரிகளின் டிரைவர் கேபினில் குளிர்சாதன வசதி கட்டாயம். டிரைவர்களின் உடம்புக்கு நல்ல சட்டம், அதில் சந்தேகமில்லை. ஆனால் குளிர்சாதனம் வைத்த கேபினைப் பெரும்பாலும் கம்பெனியே செய்து, சேசிஸோடு பொருத்தி அனுப்புகிறது. பட்டறைக்கு மிஞ்சுவது பின்பக்கப் பாடி. கேபின்கள் ஒன்றுபோல் ஆகிவிட்டால் என்றைக்காவது ஒரு கம்பெனி அதற்குக் கிட் போடக்கூடும் என்றேன். "போடட்டுமுங்ணா, எனக்குப் பாதி வேல மிச்சம்" என்றார் மருமகன். மாமா பதில் சொல்லவில்லை. கேபின் நெற்றியில் எழுதித்தான் அவர் மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தார் என்று பிறகு இறங்கிவரும்போது மருமகன் சொன்னார்.

நான் கிளம்புவதற்கு முன்னால் திருச்செங்கோட்டிலிருந்து போன் வந்தது. போர்வெல் ரிக் வண்டிக்கு ஆர்டர். இருபதடி டிரில்லிங் ராடுகள் 240 மில்லிமீட்டர், அது சுலபம். ஹைட்ராலிக் குழாய்களுக்குக் கிதார் கம்பியில் கறுப்பு உறை ஏற்றிப் பார்க்கலாம் என்று ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். ஓனருக்கோ துளைபோடும்போது நிற்கிற மாதிரி கம்பம் நிமிர்ந்து நிற்க வேண்டும். முப்பதடிக் கம்பம் நிமிர்ந்தால் 360 மில்லிமீட்டர். ஓனர் வீட்டு ஷோகேஸில் தட்டுக்குத் தட்டு ஓர் அடிதான் இடைவெளி, அதாவது 305. கம்பத்தைக் குட்டையாக்கிச் செய்துகொடுக்கும்படி கேட்டார் ஓனர். மருமகன் போனைக் கையால் பொத்திக்கொண்டு மாமாவைப் பார்த்தார்.

"கம்பத்துல கை வெக்காத மாப்ள" என்றார் மாமா. "ஆசாரியக் கூப்புட்டு ஷோகேஸ மாத்தச் சொல்லு."